துவாக்குடி தாண்டினால் கட் ஆகும் வண்டி: நாலு மாதத் தேடலும் அதன்பின் ஒன்றரை வருடமும்

என் வண்டி 2013 மாடல். 150 சிசி, கார்புரேட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் பழுது கம்பெனியுடையது இல்லை. யாருடையது என்பது கடைசியில் தெரியும். தஞ்சாவூரில் வீடு, திருச்சிக்கு அருகே திருவெறும்பூர் பக்கம் வேலை. போக வர தினம் 90 கிலோமீட்டர்போல ஓடும்.

2023 ஜூனில், 61 ஆயிரம் கிலோமீட்டரில் முதல் தடவை இந்தக் கட் வந்தது. சாயங்காலம், துவாக்குடி தாண்டி ஐந்தாவது கியரில் 60 வேகம். இன்ஜின் ஒரு நொடி செத்துவிட்டு, சைலன்சரில் ‘டப்’ என்று வெடித்து, மறுபடி உயிர் வந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. அதன் பிறகு வீடு வரை ஒன்றும் இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். நாலு நாள் கழித்து செங்கிப்பட்டிக்கு முன்னால் மறுபடி வந்தது.

அந்த ‘டப்’ சத்தத்திலேயே பாதி விடை இருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. பெட்ரோல் வரத்து நின்றால் வண்டி இப்படிச் சாகாது. இருமும், இழுக்கும், சோக் போட்டால் கொஞ்ச தூரம் வரும். கரண்ட் நின்றால் சாவியைத் திருகியதுபோல நிற்கும். ஆனால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் கார்புரேட்டர் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்ச் சேர்ந்து, ஸ்பார்க் திரும்பி வந்ததும் வெடிக்கும். ஆக, ‘டப்’ கேட்டால் போனது பெட்ரோல் இல்லை, ஸ்பார்க்.

இது தெரியாமல் முதலில் டேங்க் மூடியைச் சந்தேகப்பட்டேன். சந்தேகம் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் பத்து இருபது கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும், கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பும். ‘எலக்ட்ரிக்கல்’ என்று கடைக்கு வரும் வண்டிகளில் இப்படியும் சில உண்டு. நின்றதும் மூடியைத் திறந்து மூடினால் போதும், ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் அதுதான். என் வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை.

பத்து வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பிளக், பிளக் கேப் மாற்றினார். பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கினார். சார்ஜிங்கும் பார்த்தார்: நிற்கும்போது 12.6 வோல்ட், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 14.1. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டிப் பார்த்தார், நின்று தொலைக்கவில்லை. இந்த மாதிரிப் பழுதுக்கு அதுதான் குணம், மெக்கானிக்கைக் கண்டால் வண்டி நல்ல பிள்ளை ஆகிவிடும்.

“தம்பி, நின்னுச்சுன்னா அப்படியே எங்கிட்ட கொண்டாங்க” என்றார்.

“ஒரு நொடிதாண்ணே நிக்குது. எப்படிக் கொண்டு வர்றது?”

சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

ஜூலையில் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுப்பது) மாறியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்டில் சிடிஐ (ஸ்பார்க்கை நேரம் பார்த்து விடும் சின்னப் பெட்டி) மாறியது, கூலியோடு 2,300 ரூபாய். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு கட் கூட இல்லை. சிடிஐதான் என்று அண்ணனும் நானும் முடிவே கட்டிவிட்டோம். பழையதைத் தூக்கிப் போடப் போனவனை, “இருக்கட்டும், வைங்க” என்று தடுத்தார். அவர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. நாலாவது வாரம், அதே துவாக்குடி, அதே ‘டப்’.

அந்த மூன்று வாரம் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. சிடிஐ மாற்ற டேங்க்கைக் கழற்றினார், வயரிங் கிட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். உள்ளே அறுந்து கிடந்த கம்பியின் இரண்டு முனைகளும் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இப்போது யார் என்னிடம் “இதை மாத்தினேன், சரியாப்போச்சு” என்றாலும், மாற்றும்போது வேறு எதை நகர்த்தினீர்கள் என்று கேட்பேன். பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்க்கவும் சொல்வேன். நான் மாட்டினேன். பழைய சிடிஐயிலும் வண்டி அதே மாதிரிதான் கட் ஆனது. 2,300 ரூபாய்க்கு என் கையில் ஒரு உபரி சிடிஐ மிஞ்சியது.

அப்புறம்தான் ஒரு சின்ன டைரியை டேங்க் கவரில் போட்டுக்கொண்டேன். நேரம், இடம், வேகம், மழையா வெயிலா, எது அணைந்தது, எது எரிந்தது. கடைசி இரண்டும்தான் முக்கியம். அதுவரை “மீட்டரும் அணைஞ்சுதா?” என்று அண்ணன் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நொடியில் என் கண் பின்னால் வரும் லாரி மேல் இருக்கும். தெரிந்து பார்க்க ஆரம்பித்ததும் இரண்டே நாளில் பிடிபட்டது. டிஜிட்டல் மீட்டர் அணையவில்லை, வேகம் காட்டிக்கொண்டே இருந்தது. ஆர்பிஎம் முள் மட்டும் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. மீட்டருக்குக் கரண்ட் சாவி ஸ்விட்சைத் தாண்டித்தான் வருகிறது. ஆகவே பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் மூன்றும் பட்டியலிலிருந்து போய்விட்டன. மிச்சம் இருந்தவை கில் ஸ்விட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்), அதன் வயர், சிடிஐ, காயில், பல்சர் காயில் (ஸ்பார்க் எப்போது வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சுருள்). (எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மொத்தக் கரண்டும் போய் வந்தால் பெட்ரோல் பம்ப் மறுபடி ‘வ்ர்ர்’ என்று ஒரு தடவை ஓடும். அது காதில் விழுந்தால் சாவி, ஃபியூஸ், கில் ஸ்விட்ச் பக்கம் தேடலாம்.)

டைரி இன்னொன்றும் சொன்னது. பதினோரு தடவையில் ஒன்பது சாயங்காலம், வீடு திரும்பும்போது, அதுவும் முதல் இருபது கிலோமீட்டருக்குள். அண்ணன் பார்த்துவிட்டு, “வெயில்ல நிக்குதுல்ல, பல்சர் காயில் சூட்டுல வேலையக் காட்டுது” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பல்சர் காயில் சூடேறினால் விட்டுவிடுவது உண்மையிலேயே நடக்கிற பழுது. ஆனால் சூட்டினால் வருவது ஓட ஓட அதிகமாக வேண்டும். எனக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வந்து, தஞ்சாவூருக்கு முந்தின வல்லம் வருவதற்குள் தானாக அடங்கிவிடுகிறது. இது உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி வாங்கி மாற்றுவதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு எல்இடி வாங்கினேன், ஒரு சிவப்பு, ஒரு பச்சை. ஒவ்வொன்றோடும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (12 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் எல்இடி போய்விடும்). எல்லாம் சேர்த்து முப்பது ரூபாய்க்குள். என் வண்டியில் சாவி ஸ்விட்சிலிருந்து வரும் 12 வோல்ட் கில் ஸ்விட்ச் வழியாகத்தான் சிடிஐக்குப் போகிறது. சில வண்டிகளில் இது தலைகீழ், கில் ஸ்விட்ச் எர்த் கொடுத்து இன்ஜினை நிறுத்தும். உங்கள் வண்டி எது என்று தெரியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சிவப்பைக் கில் ஸ்விட்சுக்குள் போகும் வயரிலும், பச்சையைச் சிடிஐ கப்ளரில் (வயர்களைச் சொருகும் இணைப்பு) 12 வோல்ட் நுழையும் இடத்திலும் கொடுத்தேன். இரண்டையும் மீட்டர் பக்கத்தில் டபுள் டேப்பில் ஒட்டினேன். அலுவலகத்தில் என்ன இது, நவராத்திரிக்கா என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் வந்தது. சிவப்பு எரிகிறது, பச்சை அணைந்தது, ‘டப்’, பச்சை எரிந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டுச் சிரித்தேன், நாலு மாதத்தில் முதல் தடவையாக. சிடிஐ, காயில், பல்சர் மூன்றுமே நிரபராதிகள். சிடிஐக்குச் சோறே போகவில்லை.

கில் ஸ்விட்சைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள், நானும் சந்தேகித்தேன். பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தகட்டைத் தேய்த்துப் போட்டேன். கூடவே சிவப்பு எல்இடியின் வயரை ஸ்விட்சின் வெளியேறும் முனைக்கு மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி, சிவப்பு எரிய, பச்சை அணைந்தது. ஸ்விட்சும் நிரபராதி. ஸ்விட்சுக்கும் சிடிஐக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீட்டர் வயர்தான் பாக்கி.

இந்த இடத்தில் மல்ட்டிமீட்டர் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏமாற்றியது. வயரின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்தால் ‘பீப்’ என்று நிற்காமல் கத்துகிறது. ஆட்டினாலும் பீப், இழுத்தாலும் பீப். பீப்புக்குத் தேவை துளிக் கரண்ட்தான், இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது பாஸ் போட்டுவிடும். அண்ணன் பழைய பிரேக் லைட் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு கொடுத்தார், 12 வோல்ட் 21 வாட். அது ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். சிடிஐ கப்ளரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் பல்பை மாட்டினேன். ஹேண்டில் நேராக இருக்கும்போது கண் கூசுகிறது. இடது பக்கம் மெல்லத் திருப்பினேன். பாதியில் மாற்றமில்லை. கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில் பல்ப் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, உள்ளே இழை மட்டும் சிவந்து நின்றது. வலது பக்கம் திருப்பினால் மறுபடி வெளிச்சம்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கத்தில் வயர்கள் வளையும் இடம். கறுப்பு ஸ்லீவைப் பிளேடால் கீறினேன். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு வயரை மட்டும் விரலால் வளைத்தால் நூல் மாதிரி துவண்டது. மற்றவை விறைப்பாக இருந்தன. அந்த வயரின் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீண்டது. உள்ளே செம்பு இருக்கும் வயர் நீளாது. உறையை உரித்தேன். மூன்று இழை மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. மற்றவை நுனியில் பச்சைக் களிம்போடு அறுந்து கிடந்தன.

ஏன் அந்த இடம்? ஒரு கேபிள் டை. 2019-ல் டபுள் ஹாரன் வைக்கச் சொன்னேன். வைத்தவர் வயரெல்லாம் அழகாக இருக்கட்டும் என்று மொத்த வயர்க் கற்றையையும் ஃபிரேமோடு இறுக்கிக் கட்டிவிட்டார். ஹேண்டில் திரும்பும்போது நகர வேண்டிய வளைவுக்கு இடமே இல்லை. நாலு வருடம் ஒரே புள்ளியில் மடிந்து மடிந்து அறுந்திருக்கிறது. ஹாரன் கேட்டது நான், தளர்வாகக் கட்டுங்கள் என்று சொல்லாததும் நான்.

சாயங்கால மர்மம் அப்போதுதான் விடிந்தது. அலுவலகத்தில் வண்டியை ஹேண்டில் லாக் போட்டு நிறுத்துவேன். லாக் இடது பக்கக் கடைசியில்தான் விழும். ஒன்பது மணி நேரம் அந்த வயர் முழு இழுப்பில் நின்று அறுந்த முனைகள் விலகிவிடும், ஓட ஓடத் திரும்பத் தொட்டுக்கொள்ளும். வீட்டில் கேட்டுக்குள் நிறுத்துவதால் லாக் போடுவதே இல்லை. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சரி செய்தது சுருக்கம். வளையும் இடத்தில் ஜாயின்ட் வரக் கூடாது, முக்கியமாக ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துபோகும். ஸ்விட்ச் பக்கக் கப்ளரிலிருந்து டேங்க்குக்கு அடியில் அசையாத இடம் வரை முழு வயரையும் புதிதாகப் போட்டு, அங்கே கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி) சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டேன். அதே வளைவில் போகும் மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் இண்டிகேட்டர் வயர் ஒன்றும் துவண்டிருந்தது, அதையும் மாற்றியாயிற்று. கேபிள் டையை வெட்டிவிட்டு, இரண்டு பக்கக் கடைசிக்கும் திருப்பினாலும் இழுக்காத அளவு தளர்வு விட்டுத் துணி டேப் சுற்றினேன்.

அது 2023 அக்டோபர். அதன் பிறகு ஒன்றரை வருடம், இரண்டு ஐப்பசி மழை, ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கட் கூட இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்லீவை நகர்த்திப் பார்க்கிறேன், கிரிம்ப் சுத்தமாக இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். பாதி நாள் கேட்பார்கள்.

வாங்கியவற்றில் மல்ட்டிமீட்டர்தான் ஏமாற்றம், 450 ரூபாய். ஆறே மாதத்தில் அதன் சிவப்பு வயரே முள்ளின் கழுத்தில் உள்ளுக்குள் அறுந்து, விட்டு விட்டு வேலை செய்தது. லூஸ் கான்டாக்ட் தேடும் கருவிக்கே லூஸ் கான்டாக்ட். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் வண்டியின் நல்ல பேட்டரியையும் 15 வோல்ட் என்று காட்டும், அதை நம்பி சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிவிடாதீர்கள். 21 வாட் பல்ப் மட்டும் இன்றும் டூல் பாக்ஸில், துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

எல்இடி இரண்டையும் நான் கழற்றவே இல்லை, பச்சை எரிவதைப் பார்த்தால் ஒரு நிம்மதி. போன வாரம் அண்ணன் போன் செய்தார். “தம்பி, அந்த ரெண்டு லைட்டையும் அந்தப் பழைய சிடிஐயையும் கொண்டாங்க. இங்க ஒரு வண்டி மூணு மாசமா உயிர வாங்குது.” கொடுத்துவிட்டேன். மீட்டர் பக்கத்தில் டபுள் டேப்பின் கறை மட்டும் இருக்கிறது, பெட்ரோல் போட்டுத் துடைத்தும் போகவில்லை.