சுங்கை சிப்புட் ஈரத்தில் ஒரு மடக்குச் சவரக்கத்தி

இணையத்தில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். 5/8 அங்குல அகலம், கார்பன் எஃகு. ‘பிரித்ததும் சவரம் செய்யலாம்’ என்று போட்டிருந்தார்கள். சுத்தப் பொய். முதல் நாள் முடியை வெட்டவில்லை, பிடுங்கியது.

முன்பு எங்கள் தோட்டத்துக்கு வந்து முடிவெட்டிய பெரியவரிடம் கொண்டு போனேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், “தம்பி, இது கத்தி இல்லப்பா, கரண்டி” என்றார். கல்லில் முக்கால் மணி நேரம் தீட்டினார். பிறகு தோல்வாரில் இழுத்துக் கூர் ஏற்றினார். “முதுகு முன்னால போவணும், வாய் பின்னால வரணும். மாத்தி இழுத்தா வாரும் போச்சு, கூரும் போச்சு.” கத்தியோடு வந்த வாரை அவர் தொடக்கூட இல்லை, அட்டை மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கத்தி வேறு ஆள். தோலை இழுத்துப் பிடித்து, முப்பது பாகைச் சாய்வில், முடி வளரும் பக்கமாகவே இறக்குகிறேன். இரண்டு வாரம் கன்னம் மட்டும்தான். தாடைக்குப் பழைய பிளேடு. காதடியில் ஒரு வெட்டு, படிகாரம் வைத்ததும் கண்ணில் தண்ணீர்.

நம் ஊர் ஈரத்துக்கு ஒரே இரவில் துரு. துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். அரை மணி நேரம் பிடிப்பதால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு பெரியவருக்கு.