142 கிராம் பெண்கள் கிரிக்கெட் ஸ்டிச் பால் (தோல் பந்து): நாலு பீஸ் எடுங்கள்

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி 2002 முதல் 2022 வரை 204 ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்தது இந்த அளவுப் பந்தில்தான். விதிப்படி பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவு 21 முதல் 22.5 செ.மீ. ஆண்கள் பந்து 156 கிராமில்தான் தொடங்கும்.

பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பாதீர்கள், சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு வழுவழுப்பான தரையில் உருட்டுங்கள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் உள்ளே கார்க் நடுவில் இல்லை. அதை வாங்கவே வேண்டாம்.

தோலை இரண்டே துண்டாகத் தைத்த மலிவான இரண்டு பீஸ் பந்து கேட்ச் பயிற்சிக்குப் போதும். மட்டையில் தொடர்ந்து அடிவாங்கினால் சீக்கிரமே முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், அப்புறம் ஸ்விங்கை, அதாவது பந்து காற்றில் வளைவதை, மறந்துவிடலாம். நாலு பீஸில் தோல் நான்கு துண்டாகத் தைக்கப்படுவதால் வடிவம் நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் மேட்சுக்கு இதுதான் சரி.

பனி ஈரத்தில் தோல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

வலைப் பயிற்சியில் ஆண்கள் பந்தும் மேட்சில் பெண்கள் பந்தும் என்று மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் பல அகாடமிகளில் உண்டு. சுத்த அபத்தம்! விரல் பிடியும் லெங்த்தும் (பந்து பிட்ச் ஆகும் தூரம்) இரண்டுமே குழம்பும்.