சைலன்சர் மாற்றி நான்கு ஆண்டுகள்: குழாய் தாங்கியது, ரப்பர் கைவிட்டது

நான்கு ஆண்டுகளுக்கு முன், தொடர்ந்து விடுமுறை கிடைத்த ஒரு வாரத்தில், என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் சைலன்சரை (புகை வெளியேற்றும் குழாய்த் தொகுதியை) வீட்டு வாசலிலேயே முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அதன்பின் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாட்டிய மறுநாளே எழுத உட்கார்ந்திருந்தால் ஆகா, ஓகோ என்று எழுதித் தள்ளியிருப்பேன். நல்லவேளை, முதுகுவலி எழுதவிடவில்லை.

வண்டிக்கு அப்போது வயது இருபது. பழைய சைலன்சர் வெளிப்பார்வைக்குப் பரவாயில்லை என்றுதான் இருந்தது. திருப்புளியின் பிடியால் லேசாகத் தட்டியதும் காய்ந்த சருகுபோல் உதிர்ந்தது. அரிப்பு உள்ளிருந்து வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறும். நெடுந்தூரம் போகும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி, ஆவி ஆவியாகவே போய்விடுகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அது குளிர்ந்து, சத்தம் அடக்கும் பெட்டியான மஃப்ளரின் வயிற்றில் தேங்குகிறது. என் ஓட்டம் பெரும்பாலும் இரண்டாவது வகை.

புதிய குழாயை ‘துருவே பிடிக்காத ஸ்டீல்’ என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; கப்பென்று ஒட்டிக்கொண்டது. 304 ரகமாக இருந்தால் பெரும்பாலும் ஒட்டாது. அதில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். என் கைக்கு வந்தது 409 ரகம். குரோமியம் சுமார் 11 சதவீதம், நிக்கல் பெயருக்குத்தான். ஆறே மாதத்தில் மேலெல்லாம் செம்பழுப்பு படர்ந்தது. ஏமாந்துவிட்டேன் என்று அன்று கொதித்தேன். இன்று அந்தக் கோபம் இல்லை. துரு மேற்பரப்போடு நின்றுவிட்டது. சுத்தியலால் தட்டினால் இன்னமும் கணீரென்கிறது.

கழற்றுவதுதான் உண்மையான வேலை. மாட்டுவதற்கு அதில் கால்வாசி நேரம் போதும். மூன்று நாள் முன்பிருந்தே, காலையும் மாலையும் எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். எஞ்சின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டோடு முன்குழாய் சேரும் இடத்தில் மூன்று ஸ்டட்கள், அதாவது நட்டு மாட்டும் மரைக்கம்பிகள். இரண்டு, சூடு காட்டியதும் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தன. மூன்றாவதில் ஸ்பேனர் திடீரென்று வெண்ணெயாய்ச் சுழன்றது. கழன்றுவிட்டது என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். கையில் வந்தது நட்டும், அதற்குள் ஒடிந்த ஸ்டட்டின் தலையும். அந்த ஒரு துண்டு அரைநாளைத் தின்றது. வெல்டிங் தெரிந்த நண்பர் வந்து, எஞ்சிய முனையின்மேல் வேறொரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூட்டிலேயே மரை பிடி விட்டுச் சுற்றி வந்துவிட்டது. பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றே புது ஸ்டட்களும் பித்தளை நட்டுகளும் போட்டேன். பித்தளை எஃகோடு துருவால் ஒட்டிப் பிடிப்பதில்லை. சென்ற மாதம் சோதனைக்காக ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், சாதாரண ஸ்பேனருக்கே அசைந்து கொடுத்தது. இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவில் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி அதுதான்.

இணைப்புகளில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டிலும் கஞ்சத்தனம் காட்டவில்லை. புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்துவிட்டு பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்லும். எஞ்சின் தேவையில்லாமல் கூடுதலாகக் குடிக்கும். எனவே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் பூசி, வால்குழாயைத் துணியால் அரைகுறையாக அடைத்து, எஞ்சின் சூடேறும் முன்பே குமிழி வருகிறதா என்று பார்த்தோம். திறந்த வெளியில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

கஞ்சத்தனம் காட்டிய இடம் ரப்பர். சைலன்சரை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து தொங்கவிடும் ஆறு ரப்பர்களும் பார்க்கக் கெட்டியாக இருந்தன. “மாமா, இதையுமா மாற்ற வேண்டும்?” என்று உதவிக்கு வந்த அக்கா மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். பதினான்காம் மாதம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. பின்னால் சுமை ஏற்றி, பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ‘டக்’. காலி வண்டியில் எவ்வளவு குலுக்கினாலும் வராது. ஷாக் அப்சார்பரைச் சந்தேகித்து இரண்டு வாரம் வீணானது. கடைசியில் டார்ச்சோடு அடியில் ஊர்ந்து போனபோது, பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து செல்லும் குழாயின் அடிப்பக்கத்தில், செம்பழுப்புக்கு நடுவே நாணயம் அளவுக்குப் பளபளவென்று ஓர் இடம். அதற்கு நேர்கீழே ஆக்சிலிலும் அதே பளபளப்பு. பக்கத்து ரப்பரின் காது பாதி கிழிந்து, குழாய் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

ரப்பரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். சேசிஸைத் தாங்கிகளில் நிறுத்தி வேலை செய்தபோது பின் ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் குழாய்க்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி தாராளமாகத் தெரியும். நானும் நம்பி எல்லாக் கிளாம்பையும் இறுக்கிவிட்டேன். வண்டி சக்கரத்தில் நின்றால் ஆக்சில் மேலேறும், சுமையோடு பள்ளத்தில் விழுந்தால் இன்னும் ஏறும். இரண்டாம் முறை ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அது இடிக்கும் தடுப்பைத் தொடும்வரை உயர்த்திப் பார்த்து, அதன்பிறகே முன்னிருந்து பின்னாக இறுக்கினேன். அதற்கு முன், கிழிந்த ரப்பருக்குப் பதில் தற்காலிகமாகக் கம்பி கட்டி ஓட்டிய ஒரு வாரத்தைச் சொல்ல வேண்டும்: மூன்று மீட்டர்க் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீளும், ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கும், கம்பி கொடுக்காது. வண்டியின் தரை முழுக்க அதிர்ந்தது.

பலன் என்று கேட்டால், ஓட்டும்போது பின் இருக்கையோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது. வேகமோ இழுவையோ கூடவில்லை. சேற்றுப் பாதையில் போய்வந்தால் வெப்பம் தடுக்கும் தகட்டுக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கும் இடையில் மண்ணும் காய்ந்த புல்லும் அடைத்துக்கொள்கின்றன. அன்றே, குழாய் ஆறியதும் குச்சியால் தோண்டி எடுத்துவிடுகிறேன். புல் பற்றிக்கொள்ளும் என்ற பயம் ஒருபுறம், ஈர மண் தகட்டைத் தின்னும் என்பது மறுபுறம்.

இப்போது மஃப்ளரின் பின்தையலில் நூலளவு கரிக்கோடு ஒன்று தெரிகிறது; புகை கசியத் தொடங்கியதன் அடையாளம். இன்னும் சத்தம் வரவில்லை. மஃப்ளரை மட்டும் எப்போது மாற்றுவது என்று முடிவு செய்யவில்லை. ஆறு ரப்பர்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.