புற ஊதா விளக்குப் பெட்டி: டியூப் மாற்றிய கையோடு ஒரு புலம்பல்

"அண்ணாச்சி, அந்த லைட் பெட்டி வாங்கலாமா?" என்று மார்த்தாண்டத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தம்பி கேட்டான். காய்கறிமேல் புற ஊதா ஒளி காட்டிப் பூஞ்சையைக் கொல்லும் பெட்டி அது, என் கடையில் ஒன்று இருக்கிறது. அதற்குப் புது டியூப் வாங்கக் காசு கொடுத்த எரிச்சலில் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

தக்காளி விஷயத்தில் பெட்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஐப்பசி அடைமழையில் நம்மூர் ஈரத்துக்குக் கூடையில் பூஞ்சை பூக்கும், தெரியும்தானே? பெட்டியில் காட்டி எடுத்தவை அப்படிச் சட்டென்று போவதில்லை. பூஞ்சை வித்துகள் சாவதோடு, அளவாகப் பட்டால் பழுப்பதும் தள்ளிப்போகும். அளவு மீறினால் தோல் கருகிப் பழுப்பேறும்.

அந்த அளவில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு. ஒளி நேராகத்தான் போகும், நிழல் விழுந்த இடத்தில் ஒரு வேலையும் நடக்காது. தக்காளியில் பூஞ்சை முதலில் பிடிக்கும் இடமோ காம்புக் குழி. ஆகவே ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பக் கதவைத் திறந்தால் விளக்கு அணையும். சரி, கண்ணையும் தோலையும் சுடும் ஒளி, அணையத்தான் வேண்டும். ஆனால் டைமரும் பூஜ்யத்துக்குப் போவானேன்? எவ்வளவு நேரம் பட்டது, இன்னும் எவ்வளவு படவேண்டும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் நான் கணக்கு வைக்க வேண்டுமாம். இதை வடிவமைத்தவர் ஒரு கூடை தக்காளியையாவது கையால் திருப்பியிருப்பாரா?

பாவைக்காய்க்கு, அதாவது பாகற்காய்க்கு, இது சரிப்படாது. மேலெல்லாம் முண்டும் முடிச்சும், எப்படிப் புரட்டினாலும் பள்ளத்தில் நிழல். அது மஞ்சளாவதைத் தடுக்க, பழுத்த வாழைக்குலைப் பக்கம் வைக்காமல் இருப்பதே பாதி வைத்தியம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் அதைப் பழுக்க வைக்கிறது. தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணிக்கு எந்த விளக்கும் வேண்டாம், திண்ணையில் போட்டாலே மாதக்கணக்கில் கிடக்கும்.

அப்புறம், பழைய டியூப் கடைசி வரை நீலமாகத்தான் எரிந்தது. கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, வேலை செய்யும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் வேறு. அது குறைவது நமக்குத் தெரியாது. எரிந்த மணி நேரத்தைக் குறித்து வைத்து மாற்றவேண்டியதுதான்.

தம்பி, அந்தக் காசுக்கு நல்ல கிரேட்டும் ஒரு பெரிய மின்விசிறியும் வாங்கு. தக்காளி மட்டும் மழைக்காலத்தில் என் கடைக்கு அனுப்பு, காட்டித் தருகிறேன். திருப்பிப் போட உன் ஆளையும் சேர்த்து அனுப்பு.