“புதியது, சோதித்தது” என்று விற்ற 3-500இசட் ஜோடி: பணம் கட்டுமுன் படியுங்கள்

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவின் சிக்னலுக்குச் சக்தி கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்காக இணையத்தில் வாங்கிய இரண்டு 3-500இசட் வால்வுகளைப் பற்றிய எச்சரிக்கை இது. விளம்பரத்தில் “பயன்படுத்தாத பழைய இருப்பு, ஒன்றுக்கொன்று ஒத்த ஜோடி, சோதித்தது” என்று இருந்தது. வந்ததில், வெற்றிடமாக இருக்க வேண்டிய ஒன்றுக்குள் வாயு. இன்னொன்று நன்றாக உழைத்து ஓய்ந்தது. பணம் திரும்ப வரவில்லை.

சோதனைக்கு ஆதாரமாக விற்றவர் காட்டியது ஃபிலமென்ட் (எலெக்ட்ரான்களை வெளிவிடச் சூடாகும் கம்பி) பளிச்சென்று எரியும் ஒரு படம்தான். கம்பி அறுந்துபோகவில்லை என்பதைத் தவிர அந்தப் படம் எதையும் சொல்லாது. எமிஷன் (எலெக்ட்ரான் வெளிவிடும் திறன்) செத்த வால்விலும் 5 வோல்ட் கொடுத்தால் ஃபிலமென்ட் அதே வெளிச்சத்தோடு எரியும். “கெட்டர் வெள்ளியாக மின்னுகிறது” என்றும் எழுதியிருந்தார். கெட்டர் என்பது உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சும் பொருள். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 6146பி போன்ற சின்ன வால்வுகளில்தான் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு இருக்கும், காற்று புகுந்தால் அது வெளுத்துப்போகும். 3-500இசட்டில் அப்படிப் பூச்சே கிடையாது. அதில் வாயுவை உறிஞ்சுவது பிளேட்டின் (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகட்டின்) மேல் இருக்கும் ஸிர்கோனியம். பிளேட் நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும்.

பெட்டியைப் பிரித்ததும் பின்களைப் பாருங்கள். வந்த ஜோடியில் ஒன்றின் ஐந்து பின்களிலும் சாக்கெட் கவ்விய நீளவாட்டுக் கீறல்கள் இருந்தன. 1, 5 ஆகிய ஃபிலமென்ட் பின்களின் நுனியில் ஈயம் உருகி வழிந்து உறைந்திருந்தது. 14.6 ஆம்பியர் ஓடும் பின் அது. சாக்கெட் பிடி தளர்ந்தாலோ ஃபேன் காற்று போதாவிட்டாலோ இப்படித்தான் ஆகும். புது வால்வில் இந்த அடையாளம் இருக்க வழியே இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். 1க்கும் 5க்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 2, 3, 4 மூன்றும் கிரிட் (எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை). அவற்றிலிருந்து ஃபிலமென்ட்டுக்குத் தொடர்பே இருக்கக் கூடாது. வால்வை நிமிர்த்தியும் சாய்த்தும், விரலால் மெல்லத் தட்டியும் பாருங்கள். இங்கே ஷார்ட் காட்டினால் ஃபிலமென்ட் தொய்ந்து கிரிட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மருந்து இல்லை.

இந்த இரண்டிலும் தேறினால்கூட நேராக லீனியரில் சொருகிவிடாதீர்கள். 3000 வோல்ட்டில் 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வங்கி 112 ஜூல் வைத்திருக்கும். வாயு இருக்கிற வால்வு உள்ளுக்குள் ஆர்க் (மின்பொறி) அடித்தால் அத்தனையும் கிரிட் வழியாகவும் மீட்டர் ஷன்ட் (மீட்டரோடு இணைத்த சின்ன ரெசிஸ்டர்) வழியாகவும் பாயும். பிளேட் சப்ளைத் தொடரில் 25 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் உச்ச மின்னோட்டம் 120 ஆம்பியரோடு நிற்கும். அது இல்லாத பழைய லீனியர்களில் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

வாயு இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பது கஷ்டமில்லை. 5000 வோல்ட் டிசி, தொடரில் 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் இருபது, மொத்தம் 94 மெகாஓம். ஒரே ரெசிஸ்டரில் முடிக்கப் பார்க்காதீர்கள், அது அந்த வோல்டேஜைத் தாங்காது. இருபதாகப் பிரித்தால் ஒன்றுக்கு 250 வோல்ட்தான். ஃபிலமென்ட்டை எரிக்காமல் அதையும் கிரிட்டையும் சேர்த்துக் கட்டி கிரவுண்டில் வைத்து, பிளேட்டுக்கு வோல்டேஜ் கொடுங்கள். கிரவுண்டுப் பக்கம் மைக்ரோ ஆம்பியர் மீட்டர். நல்ல வால்வில் முள் அசைவது தெரியாது. முழு ஷார்ட் என்றால் சுமார் 53 காட்டும். வந்த வால்வு 40 காட்டியது. அதாவது மீதி வோல்டேஜ் ரெசிஸ்டர்களில் விழுந்துவிட, 1200 வோல்ட்டுக்கு மேல் அதனால் தாங்க முடியவில்லை. தொடுமுன் சப்ளையை அணைத்து, கிரவுண்ட் கம்பியால் டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்.

இதைச் சொன்னதும் விற்றவர் “24 மணி நேரம் ஃபிலமென்ட்டை மட்டும் எரியவிடுங்கள், சரியாகும்” என்றார். நெடுநாள் அலமாரியில் கிடந்த வால்வுக்கு அது நியாயமான யோசனைதான், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எரித்த பின் 38 வந்தது. ஒரு வாரம் சும்மா வைத்து அளந்தால் 45. வைத்திருக்கும்போதே ஏறினால் சீல் கசிகிறது என்று பொருள். கசியும் சீலை எந்தச் சூடும் அடைக்காது.

இரண்டாவது வால்வில் வாயு இல்லை, எமிஷன்தான் இல்லை. வால்வை லீனியரில் தனியாகப் போட்டு, டிரைவை (உள்ளே கொடுக்கும் சிக்னலை) மாற்றாமல் ஃபிலமென்ட்டை 4.75இலிருந்து 5.25 வோல்ட்டுக்கு மெல்ல ஏற்றுங்கள். வோல்டேஜை சாக்கெட் பின்னிலேயே அளக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றை எடுத்துவிட்டால் வோல்டேஜ் தானாகவே கூடிவிடும். நல்ல வால்வில் வெளியீடு பெரிதாக மாறாது. கூடவே ஏறிக்கொண்டு போனால், ஃபிலமென்ட்டில் எமிஷன் தரும் தோரியம் தீர்ந்துவிட்டது.

கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே ஊதா மூட்டம் தெரிந்தால் உடனே அணையுங்கள்.

திருப்பித் தர மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம், “நீங்கள் ஃபிலமென்ட்டை எரித்துவிட்டீர்கள், இனி அது பழையது.” எரிக்கச் சொன்னவரே அவர்தான். ஆகவே பணம் கட்டுமுன் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்: பிளேட்–கிரிட் கசிவு எத்தனை வோல்ட்டில் எத்தனை மைக்ரோ ஆம்பியர், பின்களின் கிட்டத்துப் படம், கசிவுச் சோதனையும் ஃபிலமென்ட் எரித்த சோதனையும் செய்த பிறகும் 15 நாளுக்குள் திருப்ப அனுமதி. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கசிவுச் சோதனையை ஃபிலமென்ட் எரிக்குமுன்பே, வந்த அன்றே முடித்துவிடுங்கள்.