எம்340ஐ: நான்கு ஆண்டு ஓட்டமும் ட்யூனிங் கேள்வியும்

பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் வைத்திருக்கும் ஒருவரை இன்னொரு கார் பிரியர் பெட்ரோல் பங்கிலோ சர்வீஸ் சென்டரிலோ பார்த்துவிட்டால், பேச்சு ஐந்தே நிமிடத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடும்: "ஸ்டேஜ் 1 போட்டாச்சா?" காரின் கம்ப்யூட்டரில் உள்ள கட்டளைகளை மாற்றிப் பவரைக் கூட்டும் ட்யூனிங்கின் முதல் படி அது. இன்றுவரை என் பதில் "இல்லை"தான். காரணத்தை நின்றபடி சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். ட்யூனிங் மேல் எனக்கு வெறுப்பு ஏதும் கிடையாது. பல மாதங்கள் தீவிரமாக யோசித்தேன், விலை கேட்டேன், ட்யூன் செய்த காரை ஓட்டியும் பார்த்தேன்.

முதலில் கார். பிஎம்டபிள்யூ இதை 2021 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது எக்ஸ்-ஷோரூம் விலை 62.90 லட்சம். சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் அவர்களுடைய ஆலையிலேயே அசெம்பிள் ஆகும் வண்டி. அதனால்தான் அந்த விலைக்கு 3 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ எஞ்சின் கிடைத்தது. 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), 8 ஸ்பீடு ஆட்டோமேடிக், நான்கு சக்கரத்துக்கும் பவர், 0-100 கிமீ 4.4 வினாடியில். 2022 கடைசியில் வந்த புதுப்பித்த மாடலில் 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் சேர்ந்து பவர் 374 ஆனது. என்னுடையது பழைய 387. டெலிவரி எடுத்தது 2021 கடைசியில். ஓடோமீட்டர் 40,000 தாண்டிவிட்டது.

இருப்பது கோவையில். வண்டி ஓடுவது பெரும்பாலும் அவிநாசி ரோடு டிராஃபிக்கிலும் சேலம் வழியாகச் சென்னைக்கும். மனசுக்குப் பிடித்த ஓட்டம் என்றால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குள் லிட்டருக்கு 6, 7 கிமீ தரும். ஹைவேயில் காலை அடக்கி ஓட்டினால் 12 தாண்டும். வேகத்தடையில் வண்டியின் வயிறு தட்டுமோ என்ற பயம் முதல் மாதங்களில் நிறைய இருந்தது. கொஞ்சம் சாய்த்து ஏற்றினால் பெரும்பாலான தடைகளைத் தாண்டிவிடும் என்று பழக்கத்தில் தெரிந்துவிட்டது. ஊராட்சிச் சாலைகளில் அவரவர் வீட்டு முன் போட்டுக்கொள்ளும் திண்டுகள் மட்டும் இன்றும் தலைவலி. பின் சீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் கம்ஃபர்ட் மோடிலும் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் உள்ளே தெரியும். காரைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான்.

எஞ்சினில் குறை என்று எதுவும் இல்லை. பி58 என்று அழைக்கப்படும் இந்த எஞ்சினை டொயோட்டா சுப்ராவிலும் போட்டிருக்கிறார்கள். முழு டார்க்கும் 1900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) பக்கத்திலேயே வந்து 5000 வரை அப்படியே நிற்கும். இந்த எண்கள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. மலைப்பாதையில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைக் கால்வாசிதான் மிதித்திருப்போம். அந்தக் கால்வாசியில் எஞ்சின் எவ்வளவு கொடுக்கும் என்பது பாதத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். கேட்டதற்கு மேலும் வராது, கீழும் வராது. நான் காசு கொடுத்து வாங்கியது இந்தக் குணத்தைத்தான் என்று இப்போது நம்புகிறேன். ட்யூனிங் பற்றிய என் கணக்கு முழுவதும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆசை ஏன் வருகிறது என்பதும் நியாயமானதுதான். குளோஸ்டு டெக் பிளாக், ஃபோர்ஜ்டு கிராங்க் என்று பி58-இன் அடித்தளமே பலமானது. கம்பெனி எடுக்கும் பவரை விட நிறையத் தாங்கும் என்பதை உலகம் முழுக்க ட்யூனர்கள் காட்டிவிட்டார்கள். ஸ்டேஜ் 1 என்றால் எந்தப் பாகத்தையும் மாற்றாமல், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவில் இருக்கும் மேப்பை, அதாவது கட்டளை அட்டவணையை, மட்டும் மாற்றுவது. டர்போ தள்ளும் காற்றழுத்தம் கூடும், பெட்ரோலைப் பற்றவைக்கும் நேரமான இக்னிஷன் டைமிங் முன்னே நகரும், டார்க் உச்சவரம்பு தளரும். நல்ல பெட்ரோல் இருந்தால் 450 குதிரைத்திறனைத் தாண்டலாம் என்பார்கள். ஸ்டேஜ் 2-வில் டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப் மாறும். அதில் பலர் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வண்டி சுத்தம் செய்யாத புகையை விடக் கூடாது.

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் தன் காருக்கு ஸ்டேஜ் 1 போட்டிருக்கிறார். என்னுடையதைப் போலவே 2021 மாடல். ஒரு ஞாயிறு விடியற்காலையில் சாவியை என் கையில் கொடுத்து, "ஏறுங்கண்ணா, நீங்களே ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். 4000 ஆர்பிஎம் வரை பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் வேறு கார். சீட் முதுகில் வந்து இடிக்கிறது. ஆனால் அந்த இழுப்பை முழுசாக அனுபவிக்க ரோடு விடும் நேரம் மூன்று வினாடி இருக்கும். அதற்குள் நான்கு வழிச்சாலையின் சட்டபூர்வ வேகம் வந்துவிடுகிறது, காலை எடுத்தாக வேண்டும். கால்வாசி மிதிப்பில் இன்னொன்றைக் கவனித்தேன். அவர் மேப்பில் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் கேட்டால் நிறையத் தந்தது. நேர்ச்சாலையில் அது சந்தோஷம். வால்பாறையில், ஈர ரோட்டில், ஒன்பதாவது வளைவில் எனக்கு அது வேண்டாம். மேப்பை எழுதுபவர் நினைத்தால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் விளம்பரத்தில் விற்பது உச்ச எண்தான் என்பதால், கால்வாசி மிதிப்புக்கு உழைக்கும் ட்யூனர் அரிது.

அடுத்தது வெயில். இங்கேதான் ஐரோப்பிய அனுபவம் நம் ஊருக்குப் பொருந்தாமல் போகிறது. டர்போ தள்ளும் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் பி58-இல் காருக்கு முன்னால் தொங்குவதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர்விப்பது தனி கூலன்ட் சர்க்யூட். காற்று போக வேண்டிய தூரம் குறைவு என்பதால் எஞ்சின் உடனே பதில் சொல்கிறது. அதற்கு விலையும் உண்டு. அடுத்தடுத்து முழு மிதி மிதித்தால் அந்தக் கூலன்ட் சூடாகிவிடும், மறுபடி ஆறக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் சின்ன அடாப்டர் ஒன்றைச் செருகி, போனில் ரீடிங் எடுத்து வருகிறேன். மே மாதப் பகல், அவிநாசி ரோடு நெரிசல் தாண்டி வெளியே வரும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு 58 டிகிரி. சாதாரண பெட்ரோலில் அங்கிருந்து முழு மிதி கொடுத்தால் டைமிங் கரெக்‌ஷன் கட்டங்களில் மைனஸ் 3, மைனஸ் 4 என்று ஓடும். நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாகத் தானே எரிந்து எஞ்சினைத் தட்டுவது) வருவதற்கான அறிகுறி தெரிந்ததும் எஞ்சின் தானே பின்வாங்குகிறது என்று அர்த்தம். கம்பெனி மேப்பிலேயே இந்த நிலை! அதே காரில் நாக்கிங்கை அதிகம் தாங்கும் 99 ஆக்டேன் பெட்ரோல் அடித்துவிட்டு வால்பாறை ஏறும்போது, மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, ஆறு சிலிண்டரிலும் பூஜ்யம் காட்டியது. வண்டியும் வேறு மாதிரி ஓடியது. ட்யூன் பண்ணாமலேயே எனக்குக் கிடைக்கவேண்டிய பவரில் ஒரு பகுதி வெயிலிலும் பெட்ரோலிலும் கரைந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் அதை மீட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதனால் பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. அறிமுகத்தின்போது லிட்டர் 160 ரூபாயை ஒட்டி விற்றது, பெரிய நகரங்களில் சில பங்குகளில்தான் கிடைக்கும். 59 லிட்டர் டேங்கை அந்த விலையில் நிரப்பினால் 9,000 ரூபாய்க்கு மேல். தினசரி ஓட்டத்துக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. 95 ஆக்டேன் போதும், மலைக்கோ நீண்ட பயணத்துக்கோ போகும் முன் மட்டும் உயர்ந்தது அடிக்கிறேன். இப்போது எங்கும் வந்துவிட்ட இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) நம் தரநிர்ணயம் குறைந்தது 95 ஆக்டேன் கேட்கிறது. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் நாக்கிங் பக்கம் அது உதவியே செய்யும். ஆனால் ஒரே பவருக்கு அதிக அளவு எரிபொருள் தேவை. மைலேஜ் குறைந்ததைக் கண்ணாலேயே பார்க்கிறேன். ட்யூன் செய்த காரில் இது இன்னும் முக்கியம். ஏற்றிய பவருக்குக் கூடுதல் பெட்ரோல், எத்தனாலுக்காக அதற்கு மேலும் கூடுதல் என்று எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஹைப்பிரஷர் பம்பின் மேல் இரட்டைச் சுமை. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ எழுதிய மேப் நம் பங்கில் கிடைக்கும் பெட்ரோலைத் தெரிந்துகொண்டு எழுதியதல்ல. ட்யூனர்கள் சிலரிடம் இதைக் கேட்டேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பதில் சொன்னார். மற்றவர்கள் "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றார்கள். இவ்வளவு விலை கொடுத்த வண்டிக்கு அந்தப் பதில் போதாது.

இனி காகித விஷயங்கள். 2020 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பிஎம்டபிள்யூ ஈசியூக்கள் பூட்டப்பட்டவை. இந்தியாவில் விற்ற எம்340ஐ எல்லாமே அதற்குப் பிந்தியவை. ஆரம்பத்தில் ஈசியூவைக் கழற்றிப் பின்லாந்துக்கு அனுப்பித் திறந்து வாங்கினார்கள். அதுவரை கார் வீட்டில் அசையாமல் நிற்கும். எனக்குச் சொன்ன விலை அன்லாக்கோடு சேர்த்து இரண்டு லட்சத்தை நெருங்கியது. திறந்த ஈசியூவை மறுபடி பழைய மேப்புக்கு மாற்றினாலும் தடயம் போகாது. "தெரியவே தெரியாது" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே மாட்டும் பிக்கிபேக் பெட்டியும் அப்படித்தான். பெட்டியைக் கழற்றிவிடலாம், ஆனால் கார் தன் நினைவில் எழுதிவைத்த அசாதாரண அளவுகள் அங்கேயே இருக்கும். எஞ்சினோ கியர்பாக்ஸோ போய்விட்டால் வாரண்டி பேச்சு அங்கேயே முடிந்தது. என் நீட்டிப்பு வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் பலர் கண்டுகொள்வதில்லை. ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ரோட்டில் யாரும் மேப்பைத் திறந்து பார்க்கப் போவதில்லைதான். என் கவலை இன்சூரன்ஸ். பெரிய விபத்து, விசாரணையில் சொல்லாத மாற்றம் வெளியே வருகிறது என்றால் கிளைமை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழி இருக்கிறது. செய்வதானால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

ட்யூனுக்கு எடுத்து வைத்த பணத்தை நான் வேறு இடத்தில் செலவழித்தேன். காரோடு வந்த டயர் தேய்ந்ததும் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போட்டேன். இந்தக் காருக்கு நான் செய்த மாற்றங்களிலேயே பெரியது அதுதான். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் வரும் தெளிவு, வளைவில் முன்பக்கம் தள்ளாமல் உள்ளே இழுப்பது, எல்லாம் மாறியது. சாலை ஒட்டுகளின் அதிர்வும் கொஞ்சம் அடங்கியது. பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னதால் உறுதியாக எழுதுகிறேன். பிரேக் ஃப்ளூயிடை நல்ல தரத்தில் மாற்றினேன், முன் பேட்களையும் மாற்றினேன். ஆயிலைக் கார் கேட்கும் வரை காத்திருக்காமல் 8,000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன். இந்த எஞ்சின் 6.5 லிட்டர் குடிக்கும். கூலன்ட் அளவை மாதம் ஒரு முறை பாருங்கள். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் கசிவு வருவது இந்த எஞ்சினில் கேள்விப்படும் விஷயம். எனக்கு இதுவரை வரவில்லை.

சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு நானும் திருப்பூர் நண்பரும் சேர்ந்து போனோம். நேரான பகுதியில் அவர் என்னை விட்டு நன்றாகவே விலகினார். ஆனால் சில சுற்றுகளிலேயே அவர் காரில் இன்டேக் சூடு ஏறி, ஈசியூ பவரைக் குறைக்க ஆரம்பித்தது. அவர் குளிர்விக்கும் சுற்று போட்டுக்கொண்டிருந்தபோது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். டயரும் பிரேக்கும் எனக்குக் கடைசி வரை நின்றன. அவருடைய அடுத்த செலவு, இன்டர்கூலரின் கூலன்ட்டை ஆற்றும் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர். அது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன், நம் வெயிலில் மேப்புக்கு முன்பே போட வேண்டியது அது.

வாரண்டி முடிந்த பிறகு நான் செய்வேனா? செய்யலாம். அப்போதும் வரிசை எனக்குத் தெளிவு: முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், புது ஸ்பார்க் பிளக், பிறகு நம் ஊர் 95 ஆக்டேனுக்கென்று அடக்கமாக எழுதிய மேப். உச்ச எண் 430 போதும், கால்வாசி மிதிப்பு இன்று இருப்பது போலவே இருக்க வேண்டும். நீங்கள் இப்போதே செய்வதாக இருந்தால், மே மாத மதியத்தில் உங்கள் ஊர்ப் பெட்ரோலோடு ஓட்டி ரீடிங்கைப் பதிவு (லாக்) எடுத்து, ஆறு சிலிண்டரின் டைமிங் கரெக்‌ஷனையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் காரை விடாதீர்கள். கம்பெனி மேப்பின் நகலையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.