பச்சைப் பெயின்டுக்குள் ஒளித்த வெடிப்பு

கல்முனைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் இன்னொரு அடானா அச்சு இயந்திரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே பச்சைப் பெயின்ட், அதே "நல்ல ஓட்டத்தில் உள்ளது" என்ற வாசகம். முதலாவதை அதே கடையில் 140,000 ரூபா கொடுத்து வாங்கியவன் நான். மூன்று மாதமாகியும் அதில் ஒரு கார்ட் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. அடுத்தவர் காசு கொடுக்குமுன் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா மட்டக்களப்பு டவுனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கோயில் விஞ்ஞாபனம், மரண அறிவித்தல், கல்யாணக் கார்ட் எல்லாம் அவர் கையால் போனவை. அவர் இல்லாத இந்த வருஷம், வீட்டில் ஒரு சின்ன இயந்திரம் வைத்து அவரைப் போல ஈய எழுத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடானா எட்டுக்கு ஐந்து அதற்கு ஏற்றது. லண்டனுக்கு அருகே டுவிக்கன்ஹாமில் செய்தது. எட்டு அங்குலம் நீளம், ஐந்து அங்குலம் அகலம் வரை அடிக்கும். மேசையில் வைத்துக் கைபிடியை அழுத்தினால் போதும். இயந்திரத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். என் குறை எல்லாம் அதை விற்ற விதத்தில்தான்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "முப்பது வருஷம் நோட்டிஸ் அடிச்ச மிசின் தம்பி, ஒரு பிழையும் இல்ல" என்றார். கைபிடியை இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. மைத்தட்டும் ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியது. ஒரு தாள் அடித்துக் காட்டச் சொன்னேன். "இப்ப மை இல்ல, அடிச்சுக் காட்ட ஏலாது. வீட்ட கொண்டு போய் அடிச்சுப் பாருங்க, மறுகா சொல்லுங்க" என்றார். அந்தச் சொல்லை நம்பிக் காசைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

கல்லடி வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் வேலையாக சேஸின் (எழுத்துகளைப் பூட்டும் இரும்புச் சட்டகம்) நான்கு மூலையிலும் ஒரே அளவுப் பெரிய எழுத்தைப் பூட்டி அடித்துப் பார்த்தேன். அழுத்தத்தைச் சரிபார்க்கிற முறை அதுதான்: பின்னால் வைக்கும் தாள்களைக் குறைவாக வைத்துத் தொடங்கி, நான்கு எழுத்தும் ஒரேயளவு பதியும்வரை அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நான்கு திருகாணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். எனக்கு வலப்பக்கம் இரண்டும் தாளைக் குத்திக்கொண்டு பதிந்தன. இடப்பக்கம் நிழல் மாதிரி. இடப்பக்கத் திருகாணிகளைத் திருப்பினேன். ஒரு தாள் சரியாக வந்தது, அடுத்த தாளில் மறுபடியும் நிழல். இரண்டு கிழமை இதோடு மல்லுக்கட்டினேன். பிழை என் கையில்தான் என்று நினைத்து இரவெல்லாம் திருப்பினேன்.

அப்பாவோடு வேலை செய்த ஐயா ஒருவர் ஆரையம்பதியில் இருக்கிறார். அப்பாவைப் போல எழுத்துக் கோத்தவர், எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிக்கிற பழைய கம்பாசிட்டர். அவர் வந்து திருகாணியைத் தொடவே இல்லை. ஒரு சின்ன ஸ்பேனரால் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தை அங்கங்கே தட்டினார். வலப்பக்கம் மணி மாதிரி ஒலித்தது. இடப்பக்கம் ‘டொக்’ என்றது. "பெயின்டக் கழட்டுங்க மகன்" என்றார். தின்னர் போட்டுத் துடைத்தோம். உள்ளே மஞ்சள் கோடு ஒன்று. வார்ப்பிரும்பு வெடித்த இடத்தைப் பித்தளை உருக்கி ஒட்டி, புட்டி பூசி, மேலே பச்சைப் பெயின்ட். அந்த ஒட்டும் விட்டிருந்தது. கைபிடியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டம் மயிரிழை அளவு விரிந்திருக்கிறது. அப்படியானால் எந்தத் திருகாணியைத் திருப்பி என்ன பயன்?

ஒழுங்காகச் செய்த பித்தளை ஒட்டு வருஷக்கணக்கில் நிற்கும். அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். மறைத்ததுதான் குற்றம்.

அடுத்த அநியாயம் வெல்டிங் பட்டறையில் நடந்தது. வார்ப்பிரும்பை மெதுவாகச் சூடாக்கி ஒட்டி மெதுவாகவே ஆறவிட வேண்டும் என்று ஐயா எழுதியே கொடுத்தார். பட்டறைக்காரர் அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, இரும்புக் கேட்டைப் பற்றவைப்பது போல அப்படியே கரண்ட் வெல்டிங் அடித்தார். 12,000 ரூபா. வீட்டுக்கு வந்து பத்துத் தாள் அடிக்குமுன் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு ஓடியது. "பழைய இரும்பு அப்படித்தான்" என்று போனை வைத்துவிட்டார்.

எழுத்தில் மை பூசும் றோலரையும் சொல்ல வேண்டும். எனக்குத் தந்தவை வச்சிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி வார்த்த பழைய வகை. நம் வெயிலில் இளகும், மாரி ஈரத்தில் ஊதும். மாதக்கணக்காக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்ததில் ஒரு பக்கம் தட்டையாகியும் இருந்தது. தட்டை கீழே இருக்கும்படி வைத்திருந்ததால் கடையில் என் கண்ணில் படவில்லை. றோலரைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். இரண்டு முனையிலும் உள்ள சில்லின் விட்டமும் றோலரின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அந்த உயரத்துக்குக் கடைந்த இரும்புத் துண்டின் மேல் மை பூசிய றோலரை மெல்ல வைத்து எடுத்தால், ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் ஒரே சீரான கோடு விழ வேண்டும். என்னுடையதில் ஒரு முனையில் விரலகலம், மறுமுனையில் ஒன்றுமே இல்லை.

"முழு செட்" என்று தந்த தமிழ் எழுத்துப் பெட்டியில் ‘ம்’ இரண்டே இரண்டு. ‘மணமகனும் மணமகளும்’ என்று கோத்தால் அதோடு தீர்ந்துவிடும்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். "வித்த சாமானுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். மையோடு அடித்துக் காட்டாததை நினைவுபடுத்தினேன். "நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. அதனால் மத்தியஸ்த சபைக்கு எழுதியிருக்கிறேன், வெடிப்பின் படங்களோடு.

இப்போது கடையில் உள்ளதை வாங்க நினைப்பவர் யாராக இருந்தாலும், போகுமுன் எனக்கொரு செய்தி போடுங்கள். ஒரு டின் மை, நான்கு பெரிய எழுத்து, அந்த ஸ்பேனர் மூன்றையும் எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன்.